கீரைக்கு முன்பணம்

*ஜூரோங் வீடுகளுக்கும் லிம் சூ காங் வயல்களுக்கும் இடையே தூரம் குறைவு. ஆனாலும் ஜூரோங் சமையலறைக்கு வரும் கீரை கடல் தாண்டித்தான் வருகிறது. விளைச்சலில் பங்கு வாங்கும் ‘காய்கறிப் பங்கு’ முறை இதை மாற்றுமா?*

ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருப்பவர் இன்று சமைக்கிற கீரை பெரும்பாலும் மலேசியாவில் விளைந்தது. அங்கே பறித்து, கட்டி, லாரியில் ஏற்றி, உட்லண்ட்ஸ் பாலத்தையோ துவாஸ் இரண்டாம் பாலத்தையோ தாண்டிக் கொண்டுவருகிறார்கள். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் இறக்கிப் பிரித்த பிறகுதான் அது ஈரச்சந்தைக்கும் பேரங்காடிக்கும் போகிறது. துவாஸ் பாலம் வழியாக வரும் லாரி ஜூரோங்கைக் கடந்துதான் பாசிர் பாஞ்சாங் போகவேண்டும். அதில் வந்த கீரையில் ஒரு பகுதி, கைமாறிக் கைமாறி மறுபடி ஜூரோங்குக்கே திரும்புகிறது.

வடக்கே, ஜாலான் பகார் சாலையில் நேராகப் போனால் பழைய சுவா சூ காங் சாலை. அதையும் தாண்டினால் லிம் சூ காங். சிங்கப்பூரில் மண்ணில் காய்கறி விளையும் பண்ணைகளில் பெரும்பாலானவை அங்கேயும் அடுத்துள்ள கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கமும்தான் இருக்கின்றன. பூன் லேயிலிருந்து தேக்கா சந்தைக்குப் போய்வரும் நேரத்துக்குள் அந்தப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

பக்கத்தில் விளைவது பக்கத்து வீட்டுக்கு வராததற்குத் தூரம் காரணமில்லை. வாங்கும் விதம்தான் காரணம். நாம் என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கான காயைத் தேடிப் போகிறோம். காய்கறிப் பங்கு இதைத் தலைகீழாக்குகிறது: வயலில் இந்த வாரம் என்ன இருக்கிறதோ அது பெட்டியில் வரும், அதை வைத்துத்தான் சமையல். அதற்கான பணத்தை விளைவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

இங்கே மண்ணில் பயிரிடும் ஒரு பண்ணையின் வாரப் பெட்டியில் தக்காளியும் உருளையும் கேரட்டும் இருக்க வாய்ப்பு குறைவு. குளிர் வேண்டிய பயிர்கள் சமதரையில் நன்றாக வருவதில்லை. அவற்றுக்குக் கேமரன் மலைபோல உயரமான இடம் வேண்டும். இங்கே செழித்து வளர்வது இலை. கங்கோங் என்று நாம் சொல்லும் வள்ளைக்கீரை விதைத்த நான்கு வாரத்தில் அறுவடைக்குத் தயார். பாயாம் என்ற தண்டுக்கீரையும் ஏறக்குறைய அப்படியே. சாய் சிம் சற்றே கூடுதல் நாள் எடுக்கும், கைலான் அதைவிடக் கூடுதல். வெண்டைக்காய் காய்க்க ஏழெட்டு வாரம் ஆகும். காய்க்கத் தொடங்கிவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும்.

இவற்றோடு, நட்டுவிட்டால் மாதக்கணக்கில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கொழுந்து, கொடிப்பசலை, முருங்கை, சிறகவரை, தவசிக்கீரை. பேரங்காடியில் அபூர்வமாகவே காணப்படும் இவைதான் பங்குப் பெட்டியின் முதுகெலும்பு. உரம் அதிகம் கேட்பதில்லை, பூச்சிக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மழைக்கும் அஞ்சாது. பண்ணைக்காரர் எந்த வாரமும் கையை விரிக்காமல் பெட்டியை நிரப்புவது இவற்றை நம்பித்தான்.

தவசிக்கீரையை எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர் சேக்கூர் மானிஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் வீட்டு வேலியோரம் வைப்பார்கள். பெட்டியில் முதல்முறை வரும்போது பலருக்கு இதை என்ன செய்வதென்று தெரியாது. தண்டிலிருந்து இலையை உருவி, கையால் நன்றாகக் கசக்கி, பச்சைச் சாறு வெளியேற அலசிப் பிழிய வேண்டும். கசக்காமல் போட்டால் இலை வாயில் நாராக நிற்கும். பிறகு பூண்டும் நெத்திலியும் தாளித்த எண்ணெயில் வதக்கி முட்டையை உடைத்து ஊற்றினால் அது இந்த ஊர்ச் சமையல். பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் சேர்த்தால் நம் வீட்டுக் கூட்டு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலியும் ஆசையில் இதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சமைத்து, அளவோடு சாப்பிடுவதுதான் வழக்கம். வழக்கத்தை மீறக் கூடாது.

இப்படி ஒரு கீரைக்கு ஒரு பக்குவம், ஒரு எச்சரிக்கை, இரண்டு சமையல் குறிப்பு. பங்குப் பெட்டி விற்கும் பண்ணை, காயோடு இந்த அறிவையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத பண்ணையின் பெட்டி இரண்டாவது மாதத்தில் குப்பைத்தொட்டிக்குப் போகும், மூன்றாவது மாதத்தில் சந்தா நின்றுபோகும்.

லாபத்தில் மட்டுமல்ல, நட்டத்திலும்

சமூகம் தாங்கும் வேளாண்மை என்று இன்று உலகெங்கும் பேசப்படும் இந்த ஏற்பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறப்பிடங்கள் உண்டு. தொழிற்சாலைக் கழிவாலும் பூச்சிமருந்தாலும் அல்லாடிய ஜப்பானில், 1971இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கிய காலத்தில், நகரத்துக் குடும்பப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நேராக விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த முறைக்குத் தெய்கேய் என்று பெயர். அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கீகி பல்கலைக்கழகப் பேராசிரியர் புக்கர் வாட்லி, கடனில் மூழ்கிய கறுப்பின விவசாயிகளுக்கு ஒரு யோசனை சொன்னார்: வாடிக்கையாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்குங்கள், அவர்களே வயலுக்கு வந்து பறித்துப் போகட்டும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1978இல் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கியது. 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும் காய்கறிப் பங்குகளைக் கொடுக்கத் தொடங்கின.

இதன் கணக்கு எளிது. விளங்குவதற்காக ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு பண்ணைக்கு ஆண்டுச் செலவு, உழைப்பவர் சம்பளம் உட்பட, 1,20,000 வெள்ளி. நூறு குடும்பங்கள் சேர்ந்தால் தலைக்கு 1,200 வெள்ளி, வாரத்துக்கு ஏறக்குறைய 23 வெள்ளி. அந்தப் பணம் விதைப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். அதன் பிறகு விளைவதெல்லாம் நூறு பங்காகப் பிரியும். நன்றாக விளைந்தால் பெட்டி கனக்கும், மழை அடித்துப்போனால் பெட்டி இளைக்கும். காய்க்கு விலை கிடையாது. பண்ணை நடப்பதற்குத்தான் விலை. டெம்பிள்-வில்டனில் இதற்கும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். ஆண்டுச் செலவை உறுப்பினர்கள் முன் வைப்பார்கள். அவரவர் வசதிக்கேற்பத் தொகையை ஏற்பார்கள். மொத்தச் செலவும் தேறும்வரை கூட்டம் கலையாது.

நம்மவர்களுக்குச் சீட்டு புதிதல்ல. முன்பணம் கட்டுவது, ஒருவரை ஒருவர் நம்புவது, மாதா மாதம் தவறாமல் நடந்துகொள்வது எல்லாம் அதில் பழகியவைதான். ஆனால் சீட்டில் போட்ட பணம் ஏதாவது ஒரு மாதம் முழுசாகக் கைக்கு வந்துவிட வேண்டும். காய்கறிப் பங்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. விவசாயி ஒருவர் மட்டும் காலங்காலமாகச் சுமந்துவந்த மழை, பூச்சி, நோய் என்ற நட்டத்தை நூறு குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதுதான் இதன் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வீட்டு விநியோகம்.

ஆலைக்கு முந்திய ஜூரோங்

இன்று ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் பெயர்போன ஜூரோங், அறுபது ஆண்டுகளுக்கு முன் கம்பமும் சதுப்பும் குன்றும். கேம்பியர், மிளகுத் தோட்டங்கள் இருந்த இடத்தில் பிறகு ரப்பர் வந்தது. ஆற்றோரம் இறால் குட்டைகள். கம்பங்களில் காய்கறி, கோழி, பன்றி. 1961இல் கோ கெங் சுவீ அங்கே தொழிற்பேட்டை அமைக்க முடிவெடுத்தபோது, ஆலைகள் வரத் தாமதமானதைப் பார்த்துப் பலர் அதைக் ‘கோவின் மடத்தனம்’ என்று கிண்டலடித்தார்கள். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் உருவானது. 1971இல் சுங்கை ஜூரோங்கின் குறுக்கே அணை கட்டி ஏரி பிறந்தது. இறால் குட்டைகளும் தோட்டங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன.

நாடு முழுவதும் இதே கதை. முட்டை, கோழி, பன்றி இறைச்சி ஆகியவற்றில் ஒரு காலத்தில் தன் தேவையைத் தானே பூர்த்தி செய்த தீவு, நிலத்தை வீட்டுக்கும் ஆலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் மாற்றியது. பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக நிறுத்தும் முடிவு 1984இல் அறிவிக்கப்பட்டது. இன்று வேளாண்மைக்கு ஒதுக்கியுள்ள நிலம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி.

எஞ்சிய பண்ணைகளுக்கும் நிலம் நிலையாக இல்லை. லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் குத்தகை நீட்டிக்கப்படாது, அந்த நிலம் ராணுவப் பயிற்சிக்குத் தேவை என்று 2014இல் அரசு அறிவித்தது. காலக்கெடு பிறகு சிலமுறை தள்ளிப்போடப்பட்டது. குத்தகை எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் விவசாயி மண்ணைத் தேற்ற மாட்டார். இங்குள்ள களிமண் அமிலத்தன்மை கொண்டது. அதைப் பொலபொலப்பாக்க ஆண்டுக்கணக்கில் மட்கு உரம் போட வேண்டும். அவ்வளவு ஆண்டு தமக்கு உண்டா என்பதே அவர் கேள்வி.

இங்கே நடந்த முயற்சிகள்

ஆனாலும் பெட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. முராய் ஃபார்ம்வேயில் உள்ள சுவான் ஃபா இயற்கைப் பண்ணை, ஒரு குடும்பம் நடத்துவது. மண்ணில் பயிரிட்டு, வீடுகளுக்குக் காய்கறிக் கூடைகளை அனுப்பிவந்தது. நியோ தியூ சாலையில் ஈவ்லின் எங்-லிம் தம் கணவரோடு நடத்திய கிரீன் சர்க்கிள் பண்ணை, உழாமல், ரசாயனம் இல்லாமல், காட்டைப்போல வயலை வளர்த்து, தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு விளைந்ததைக் கொடுத்தது.

நகரத்துக்குள் புகுந்த முயற்சி எடிபிள் கார்டன் சிட்டி. இங்கிலாந்தில் இயற்கைப் பண்ணைகளில் வேலை பழகித் திரும்பிய பியோர்ன் லோ 2012இல் தொடங்கிய நிறுவனம் இது. 2017இல் குவீன்ஸ்டவுனில், முன்பு சிறைச்சாலை இருந்த ஜாலான் பெஞ்சாரா நிலத்தில் ‘சிட்டிசன் ஃபார்ம்’ அமைத்தார்கள். கீரை, காளான், முளைக்கீரைகள் எல்லாம் அங்கே. பெரும்பகுதி உணவகங்களுக்குப் போனது. வீடுகளுக்குச் சந்தா முறையில் ‘சிட்டிசன் பாக்ஸ்’ வாராவாரம் போனது, திருப்பித் தரவேண்டிய பெட்டியில். என்ன வரும் என்பதை அந்த வார அறுவடை தீர்மானித்தது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கி உணவகங்களில் அமர்ந்து சாப்பிடுவது நின்றபோது, உணவகங்களை நம்பியிருந்த பண்ணைகளெல்லாம் அவசர அவசரமாக வீடுகளின் பக்கம் திரும்பின. தெரிந்த குடும்பங்களின் பட்டியல் கையில் இருந்தவர்களுக்கு அந்தத் திருப்பம் எளிதாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே சந்தா பெரும்பாலும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நிறுத்திக்கொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் விலகிக்கொள்ளலாம். வாங்குபவருக்கு வசதி. விதைக்கும்போது அடுத்த மூன்று மாதத்துக்கு எத்தனை பெட்டி என்று தெரியாத பண்ணைக்கு அது பழைய நிலைமையேதான்.

பணம் இருந்தது, பந்தி இல்லை

இந்த இடத்தில்தான் நாட்டின் பெரிய வேளாண்மை முயற்சியையும் பார்க்க வேண்டும். 2019இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கப்பட்ட ஆண்டிலேயே ‘30க்குள் 30’ இலக்கு அறிவிக்கப்பட்டது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது. 2020 செப்டம்பரில் 9 நிறுவனங்களுக்கு மொத்தம் 39.4 மில்லியன் வெள்ளி மானியம். அடுத்து 60 மில்லியன் வெள்ளி நிதி. மாடி மாடியாக அடுக்கிய தட்டுகள், ஊதா விளக்குகள், குளிரூட்டிய அறைகள். இதில் ஜூரோங் பக்கம் முன்னோடி என்றே சொல்லலாம்: ஜாலான் அகமது இப்ராஹிம் சாலையில் உள்ள பேனசோனிக் தொழிற்கூடத்தில் 2014லேயே விளக்கொளியில் கீரை வளர்த்து ஜப்பானிய உணவகங்களுக்கு அனுப்பினார்கள்.

விளைந்ததா? விளைந்தது. விற்றதா என்பதுதான் கேள்வி. உள்ளூர்க் காய்கறி உற்பத்தி 2021இல் 23,500 டன். 2022இல் 19,900. 2023இல் 16,900. இரண்டே ஆண்டில் கால்பங்குக்கு மேல் சரிவு. நாடு சாப்பிடும் காய்கறியில் உள்ளூர்ப் பங்கு 2021இல் 4.3 விழுக்காடு, 2023இல் 3.2. மின்கட்டணம் ஏறியது, கட்டுமானச் செலவு ஏறியது, மலேசியக் கீரையோ அப்போதும் மலிவாகவே கிடைத்தது. மானியம் பெற்றவர்களிலும் சிலர் கடையை மூடினார்கள். இங்கு மட்டுமல்ல, அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் முதலீட்டோடு நடந்த போவரி உள்ளரங்குப் பண்ணையும் 2024 நவம்பரில் மூடப்பட்டது. 2025 நவம்பரில் சுற்றுப்புற அமைச்சர் கிரேஸ் ஃபூ ‘30க்குள் 30’ இலக்கைக் கைவிட்டுப் புதிய இலக்குகளை அறிவித்தார்: 2035க்குள் காய்கறி, காளான், முளைப்பயறு போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு.

முட்டைக்கு மட்டும் கதை வேறு. நாட்டில் சாப்பிடும் முட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உள்ளூர். பண்ணைகள் பெரியவை, இயந்திரம் நிறைய என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், முட்டைக்கு நிலையான பந்தி இருக்கிறது. எந்த வீட்டிலும் இந்த வாரம் முட்டை வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதில்லை. கீரைக்கு அந்த இடம் கிடையாது. இன்று கைலான், நாளை புரோக்கோலி, மறுநாள் வெளியே சாப்பாடு. பண்ணைக்கு மானியம் கொடுக்க அரசால் முடியும். அதன் கீரையை வாராவாரம் சாப்பிட ஆளை அரசால் நியமிக்க முடியாது. அதை வீடுகள்தான் செய்ய வேண்டும். காய்கறிப் பங்கு என்பது அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டவர்களின் பட்டியல்.

ஆரோவில் கூடை

இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பண்ணை நடத்துபவரைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம். கிருஷ்ணா மெக்கன்சி இங்கிலாந்துக்காரர். அங்குள்ள பிராக்வுட் பார்க் என்ற ஜே. கிருஷ்ணமூர்த்தி பள்ளியில் படித்துவிட்டு, 1993இல் பத்தொன்பது வயதில் புதுச்சேரி அருகே ஆரோவில்லுக்கு வந்தார். ஜப்பானிய வேளாண் சிந்தனையாளர் மசனோபு ஃபுகுவோகாவின் வழியில் 1996இல் சொலிட்யூட் பண்ணையைத் தொடங்கினார். பரப்பு ஆறு ஏக்கர் அளவுதான். சரளமாகத் தமிழ் பேசுவார். வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் பப்பாளிக் காயும் உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும்போது இங்கிலீஷ் காய் எதற்கு என்று நம்மவர்களிடமே தமிழில் கேட்பார்.

அவருடைய பண்ணையிலும் உறுப்பினர்களுக்குக் கூடை உண்டு. அதில் காட்டுக்கீரைகளும் பெயர் மறந்துபோன இலைகளும் இருக்கும். அவற்றை எப்படிச் சாப்பிடுவது என்று காட்டப் பண்ணையிலேயே ஒரு சிற்றுண்டிச்சாலை நடக்கிறது. ஒரு இலையைத் துவையலாகவும் பச்சடியாகவும் அங்கே ருசித்தவர், அது கூடையில் வரும்போது தள்ளிவிட மாட்டார். விளைவிப்பவரே சமைத்துக் காட்டுவதால் கூடைக்கு ஆயுள் நீள்கிறது. கூடவே, அந்தப் பகுதி புயலுக்கும் பழகியது. 2011 டிசம்பர் இறுதியில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். அப்படிப்பட்ட ஊரில் ஆண்டு முழுதும் நிறைந்த கூடை என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உறுப்பினர்களும் கேட்கக் கூடாது.

பருவம் இல்லாத ஊரா?

சிங்கப்பூரில் பருவமே இல்லையே, பிறகு ‘பருவக் காய்’ எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் வயலைப் பார்க்காதவர்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியது. ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியே 222.4தான். அத்தகைய மழையில் சாய் சிம் நாற்று மண்ணோடு படுத்துவிடும், தண்டுக்கீரை அழுகும், வள்ளைக்கீரை மட்டும் குளித்தெழுந்ததுபோல நிற்கும். பிப்ரவரியில் மழை விடும். வெயிலில் வெண்டையும் கத்தரியும் நன்றாகக் காய்க்கும், பூச்சியும் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விடியலில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை பந்தல்களைச் சாய்த்துவிடும்.

பங்குப் பெட்டி வாங்குபவருக்கு இந்த மாற்றமெல்லாம் தட்டில் தெரியும். தை மாதத்தில் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்க லிட்டில் இந்தியா போகிற நாம், அதே தை மாதத்தில் இந்தத் தீவின் மண்ணில் எது விளைகிறது என்று கேட்பதில்லை. கேட்டால் வள்ளைக்கீரை என்று பதில் வரும்.

ஜூரோங் என்ன செய்யலாம்?

ஜூரோங்கில் வளர்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘மலரும் சமூகம்’ திட்டத்தில் வீவக புளோக்குகளின் கீழே தோட்டங்கள் இருக்கின்றன. முருங்கையும் கறிவேப்பிலையும் ரம்பையும் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே விளைவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் பகிர்வதற்கே. தனியே பாத்தி வேண்டுவோருக்கு ஜூரோங் மத்தியப் பூங்கா போன்ற இடங்களில், இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மேடைப் பாத்திகள், ஆண்டுக்கு 57 வெள்ளியும் பொருள் சேவை வரியும், மூன்றாண்டுக் குத்தகை. கேட்பவர் அதிகம் என்பதால் குலுக்கல். 2020இல் ‘உண்ணத்தகு செடிகள்’ திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பியதும் நினைவிருக்கும். ஜூரோங், துவாஸ் விடுதிகளில் தங்கியிருக்கும் ஊழியர்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் இரண்டரை மீட்டர் பாத்தி ஒரு குடும்பத்துக்கு ஆசைக்குத்தான் கீரை தரும், அன்றாடத்துக்குத் தராது. அன்றாடத்துக்கு வேண்டியது பண்ணை. பண்ணைக்கு வேண்டியது உறுதியான குடும்பங்கள். இரண்டையும் இணைக்கும் பெரிய செலவு வண்டிச் செலவு. நூறு வீட்டுக்கு நூறு கதவு தட்டிக் கொடுத்தால் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் கீரை விலையை விழுங்கிவிடும். ஒரே வட்டாரத்தில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து, ஒரே புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரே மாலைப் பொழுதில் பெட்டியை வந்து எடுத்துக்கொண்டால் வண்டி ஒருமுறை நின்றால் போதும். ஜூரோங்கைப்போல நெருக்கமாக மக்கள் வாழும், பண்ணைக்கு அருகிலும் இருக்கும் நகரத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும்.

நாற்பது பேரைச் சேர்க்கத் தெரிந்த அமைப்புகள் நம்மிடம் உண்டு. குடியிருப்பாளர் குழு, ஜூரோங் ஈஸ்ட் முருகன் கோயில் போன்ற வழிபாட்டிடம், பள்ளிப் பெற்றோர் குழு, வாட்ஸ்ஆப்பில் தீபாவளிப் பலகாரத்துக்கு மொத்தமாக ஆர்டர் போடும் பெண்கள். பலகாரத்துக்கு முன்பணம் வசூலித்து, பட்டியல் போட்டு, பிசகில்லாமல் பிரித்துக் கொடுக்கிறவர்களுக்குக் கீரை பெரிய வேலையில்லை. கஷ்டமானது ஒன்றுதான்: ஆறு மாதத்துக்கு வாக்குக் கொடுப்பது, மெலிந்த பெட்டி வந்த வாரத்திலும் அந்த வாக்கைக் காப்பாற்றுவது.

விலையைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. உள்ளூர்க் கீரை மலேசியக் கீரையைவிட விலை கூடத்தான் இருக்கும். இங்கே நிலம், கூலி, தண்ணீர் எல்லாமே விலை அதிகம். எல்லாக் காய்கறியையும் பங்கில் வாங்க யாராலும் முடியாது, தேவையுமில்லை. வெங்காயமும் உருளையும் தக்காளியும் வழக்கமான கடையிலேயே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு வேளைக் கீரை மட்டும் ஜாலான் பகாருக்கு அந்தப் பக்கமிருந்து வரட்டும். 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த இரவில் பேரங்காடி வரிசையில் நின்றவர்களுக்கும், 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிக்கடை மூடியிருந்ததைப் பார்த்தவர்களுக்கும், அந்த இரண்டு வேளையின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. நெருக்கடி வந்த பிறகு பண்ணையைத் தேடிப் போனால் அங்கே பண்ணை இருக்காது. நெருக்கடி இல்லாத காலத்தில் வாராவாரம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இருந்தால்தான் அது இருக்கும்.

பங்கு சேருமுன் கேளுங்கள்

● பெட்டியில் வருவது எல்லாம் அந்தப் பண்ணையில் விளைந்ததா, வெளியே வாங்கிச் சேர்த்ததும் உண்டா? வெளியே வாங்கியிருந்தால் அதைத் தனியே குறித்துச் சொல்கிறார்களா?

● மண்ணில் விளைந்ததா, தண்ணீரில் வளர்த்ததா? இரண்டிலும் தவறில்லை, ஆனால் ருசியும் விலையும் வெவ்வேறு.

● மழையில் அழிந்துபோனால் அந்த வாரப் பெட்டிக்கு என்ன ஏற்பாடு? இதைத் தெளிவாகச் சொல்லும் பண்ணையை நம்பலாம்.

● வயலை நேரில் பார்க்க அழைக்கிறார்களா? வருடம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

● வீட்டில் வாரம் எத்தனை நாள் சமைக்கிறீர்கள்? இரண்டு நாள்தான் என்றால் பக்கத்து வீட்டோடு அரைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

● கீரையை வந்த அன்றே ஆய்ந்து, ஈரம் துடைத்து, தாளில் சுற்றி வையுங்கள். கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாளே அழுகத் தொடங்கும். தண்டுக்கீரையை முதலில் சமைத்துவிடுங்கள். சர்க்கரைவள்ளிக் கொழுந்தும் தவசிக்கீரையும் இரண்டு நாள் பொறுக்கும்.